நாறாத துண்டும் நீர்த்தெள்ளுகளும்

என் ஆராய்ச்சி எதைப் பற்றியது என்று சங்கரன்கோவிலில் ஒருவருக்கும் என்னால் ஒழுங்காகச் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை. வெள்ளியை மிகமிகச் சின்னத் துகள்களாக்கி சாக்ஸ், துணி, தண்ணீர் வடிகட்டி, காயத்துக்குப் போடும் கட்டு என்று எதிலெதிலோ சேர்க்கிறார்கள். தலைமுடி ஒன்றின் தடிமனை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவு வருமோ, அந்தத் துகள் அதையும்விடச் சிறியது. நானோ என்று சொல்வது அதைத்தான். கிருமியைக் கொல்வதற்காகச் சேர்த்த அந்த வெள்ளி, துணி துவைத்த தண்ணீரோடு வெளியே போன பிறகு என்னவாகிறது, வேறு யாரைக் கொல்கிறது, கடைசியில் எங்கே போய் அடங்குகிறது? என் கேள்வி இதுதான்.

இதையெல்லாம் மூச்சுப் பிடித்துச் சொல்லி முடித்தால், கேட்டவர்கள், "அப்ப நானோ யூரியா பருத்திக்கு அடிக்கலாமா டீச்சர்?" என்பார்கள். எனக்கு உரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றால், "பிறகு என்னத்தப் படிக்கீக?" என்று உண்மையிலேயே வருத்தப்படுவார்கள்.

நான் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பு இல்லாத நாட்களில் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறிப் போய் ஆராய்ச்சி செய்தேன். வீட்டுக்காரருக்கு வெளியூரில் வேலை என்பதால் அண்ணன் வீட்டு மாடியில்தான் குடியிருந்தேன். அண்ணன் துண்டு நெய்கிற தறிக்கூடம் வைத்திருந்தான். வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து, சந்தில் ஒரு சாக்கடை, சாக்கடையைத் தாண்டினால் தறிக்கூடம். மதினி வீட்டையும் பார்த்து, தறிக்கூடத்தையும் பார்த்து, மிச்ச நேரத்தில் அண்ணனையும் பார்த்துக்கொண்டாள்.

என் ஆராய்ச்சிக்கு நீர்த்தெள்ளுகள் வேண்டும். குளத்திலும் குட்டையிலும் இருக்கிற சின்ன உயிர். இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்துச் சொந்தம். பாதிச் சீரகம் அளவுதான் இருக்கும், கண்ணாடி மாதிரி உடம்பு, விட்டு விட்டுத் துள்ளும். தண்ணீரில் நஞ்சு இருக்கிறதா என்று பார்க்க உலகம் முழுக்க முதலில் இவற்றைத்தான் இறக்கிவிடுவார்கள். நஞ்சு இருந்தால் துள்ளல் நின்று அடியில் போய்ப் படுத்துவிடும்.

ஒரு சித்திரை வெயிலில் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தின் ஏசி நின்றுபோயிற்று. அதைப் பழுது பார்க்க ஆள் வரவேண்டும். ஆள் வருவதற்கு ஃபைல் நகரவேண்டும். ஃபைல் நகர்வதற்கு அதிகாரி விடுப்பு முடிந்து வரவேண்டும். சூடு தாங்காமல் நீர்த்தெள்ளுகள் சாக ஆரம்பித்தன. என் வழிகாட்டியான பேராசிரியை, "எங்கயாவது குளிர்ச்சியான இடத்துக்குத் தூக்கிட்டுப் போயிரும்மா. எல்லாம் செத்துதுன்னா முதல்லருந்து ஆரம்பிக்கணும். எனக்கு அதுக்குள்ள ரிட்டயர்மென்ட் வந்துரும்" என்றார்.

எங்கள் குடும்பத்தில் குளிர்ச்சியான இடம் என்றால் அது அண்ணனுடைய படுக்கையறை ஒன்றுதான்.

உயிரோடிருந்தவற்றை இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் விட்டு, ஈரத்துணி சுற்றி, வயர்கூடையில் வைத்து மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், துணி விலகிய இடத்தில் புட்டியைப் பார்த்துவிட்டு, "சீரகத் தண்ணியா? வயித்துக்கு ரொம்ப நல்லதுல்லா" என்றாள். நானும் பேச்சை வளர்க்க வேண்டாமே என்று தலையாட்டிவைத்தேன். கொஞ்ச தூரம் போனதும் அவள் மறுபடி குனிந்து பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "ஏக்கா, சீரகம் துள்ளுது" என்றாள். நான் விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் எழுந்து முன்னால் டிரைவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். சங்கரன்கோவில் வரும்வரை அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

அண்ணன் என்ன சொல்வானோ என்று பயந்துகொண்டேதான் கேட்டேன். அவன் புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான்.

"ஏட்டி, என் பெட்ரூம்ல பேன் வளக்கப்போறியா?"

"பேன் இல்லண்ணே. நீர்த்தெள்ளு. கடிக்காது, பறக்காது. மேசையில ஒரு ஓரமா வச்சுக்கிடுதேன்."

"நானோவுக்கா?"

"ஆமா."

"சரி, வச்சுக்கோ" என்றான் உடனே. நான் திகைத்துப்போனேன். சின்ன வயதில் ஒரு ரப்பரைக் கேட்டால்கூட மூன்று நிபந்தனை போடுகிறவன் அவன். இதில் ஏதோ இருக்கிறது என்று அப்போதே பட்டது.

மதினி முதலில் அந்த மேசைப் பக்கமே போகவில்லை. அறையைக் கூட்டும்போது துடைப்பம் மேசைக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றுவிடும். கல்லூரித் தேர்வு வேலையில் நான் மாட்டிக்கொண்ட ஒருநாள், "மதினி, மாடியில வெயில்ல பாசி பிடிச்ச பச்சைத் தண்ணி வச்சிருக்கேன். அதுல ஒரு சொட்டு மருந்துக்குழலால எடுத்து விட்டுருங்க. அதான் சாப்பாடு" என்று கெஞ்சிக் கேட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே விட்டாள். சாயங்காலம் நான் வந்தபோது என் உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பிடித்தபடி மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, இங்கன வா. இதுக்கு வயித்துக்குள்ள உருண்டை உருண்டையா என்னமோ இருக்கு."

"முட்டை மதினி. பிள்ளைத்தாச்சி."

"அதுக்கு மேல என்னமோ துடிக்கே?"

"அதுதான் இதயம்."

மதினி கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு மெதுவாக, "இதுல ஆம்பளை எது?" என்று கேட்டாள்.

"ஆம்பளையே இல்ல. சாப்பாடும் தண்ணியும் நல்லா இருந்தா எல்லாம் பொம்பளைதான். தானாவே குட்டி போட்டுக்கிடும். சாப்பாடு குறைஞ்சு, கூட்டம் பெருத்து, கஷ்டகாலம் வந்தாத்தான் ஆம்பளை பிறக்கும்."

மதினி கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கட்டிலில் படுத்துக் கால்மேல் கால் போட்டுப் போன் பார்த்துக்கொண்டிருந்தான். "கேட்டீகளா?" என்றாள். அவன் கேட்கவில்லை.

அன்றிலிருந்து நீர்த்தெள்ளுகள் மதினியுடையவை. வேளாவேளைக்குப் பச்சைத் தண்ணீர் போயிற்று. கரண்டு போனால் புட்டிகளைச் சுற்றி ஈரத்துணி போட்டாள். அண்ணன் பாட்டுக்கு வேர்த்துக்கொண்டு கிடப்பான். பூ மார்க்கெட்டுக்குப் போன இடத்தில்கூட, "வீட்ல பிள்ளைத்தாச்சிக நிறைய இருக்கு, சீக்கிரம் போகணும்" என்று சொல்லி, தெருவே வந்து விசாரிக்கும்படி ஆயிற்று.

அண்ணனுடைய தாராளத்துக்கு என்ன காரணம் என்பதும் சீக்கிரமே தெரிந்தது. டை கட்டிய விற்பனைப் பிரதிநிதி ஒருவர் அவன் தறிக்கூடத்துக்கு வந்து ஒரு கேன் நிறைய நானோ வெள்ளித் திரவத்தை விற்றுவிட்டுப் போயிருந்தார். அதைத் தண்ணீரில் கலந்து, நெய்த துண்டை முக்கிப் பிழிந்து காயப்போட்டால் போதும். அந்தத் துண்டில் வேர்வை நாற்றமே வராது. வேர்வையை நாறவைக்கிற கிருமிகளை வெள்ளி கொன்றுவிடும். எங்கள் ஊர்க் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வருகிற கூட்டத்திடம் இந்தத் துண்டை விற்பதென்று அண்ணன் முடிவு செய்திருந்தான்.

"கூட்டத்துல வேர்க்காத ஆளு உண்டா? எல்லாரும் என் கஸ்டமருதான்" என்றான். பிறகு குரலைத் தழைத்து, "துண்டு லேபிள்ல ஒரு வரி போடணும்ட்டி. 'ஆராய்ச்சி செய்யப்பட்டது, இயற்கைக்கு எந்தக் கேடும் இல்லை'ன்னு. கீழ நீ உன் படிப்பையெல்லாம் போட்டு ஒரு கையெழுத்து" என்றான்.

"ஆராய்ச்சி செய்யாம எப்படிண்ணே போடுறது?"

"செய்யி. ஏசி ரூம் எதுக்குக் குடுத்திருக்கேன்?"

அவனுக்குத் துண்டின் மேல் எள்ளளவும் சந்தேகமில்லை. அதை நிரூபிக்க, திரவத்தில் முக்கி எடுத்த நீலக்கரைத் துண்டு ஒன்றைத் துவைக்காமலேயே தோளில் போட்டுக்கொண்டு அலைந்தான். அக்கினி வெயில். தறிக்கூடத்தில் அதே துண்டு, பஸ் ஸ்டாண்டில் அதே துண்டு, கல்யாண வீட்டுப் பந்தியிலும் அதே துண்டு. ரத வீதியில் டீக்கடைக்கு என்னைக் கூட்டிப்போய், அங்கே பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் முகத்துக்கு நேரே துண்டை நீட்டினான்.

"அண்ணாச்சி, சும்மா மோந்து பாருங்க."

"எதுக்குவே?"

"பாருங்கங்கேன்."

அவர் மூச்சை அடக்கி, பிறகு கொஞ்சமாக இழுத்துப் பார்த்தார். "வடை வாசம் அடிக்கு."

"அது கடை வாசம். துண்டு வாசம் எங்க?"

அவர் மறுபடி மோந்தார். "துண்டு வாசம் இல்லையே."

"அதான்!" என்று அண்ணன் கடைக்குள் திரும்பி எல்லோருக்கும் சொன்னான்.

உண்மையைச் சொல்ல வேண்டும், அந்தத் துண்டு நாறவில்லை. நானும் மோந்து பார்த்தேன். சொன்ன வேலையை அது செய்தது. அதனால்தான் எனக்கும் ஆர்வம் வந்தது.

துண்டில் வெள்ளி இருக்கிறதா என்று பல்கலைக்கழகக் கருவியில் கொடுத்துப் பார்த்தேன், இருந்தது. அடுத்து, திரவத்தில் முக்கிய புதுத் துண்டு ஒன்றையும், முக்காத சாதாரணத் துண்டு ஒன்றையும் தனித்தனி வாளியில், நீர்த்தெள்ளு வளர்க்கிற சுத்தமான தண்ணீரில் அலசினேன். மதினி, "சோப்பு போடாம இது என்ன துவைப்பு?" என்றாள். சோப்பே நீர்த்தெள்ளைக் கொன்றுவிடும், பிறகு பழி யார் மேல் என்று தெரியாமல் போகும் என்றேன். அலசிய தண்ணீரை வடிகட்டி, சின்னக் கண்ணாடிக் குவளைகளில் ஊற்றி, முந்தைய நாள் பிறந்த குட்டிகளாகப் பார்த்து இரண்டு வகைத் தண்ணீரிலும் விட்டேன். குட்டிகளை எடுத்துத் தந்ததே மதினிதான். அவற்றைப் புது வீட்டுக்குக் குடிவைக்கிறோம் என்று அவள் நினைத்திருக்கிறாள். எனக்கு அது தெரியாது.

மறுநாள் காலை அவள் கூப்பிட்ட குரலில் நான் மாடியிலிருந்து ஓடி வந்தேன். சாதாரணத் துண்டின் தண்ணீரில் எல்லாம் துள்ளிக்கொண்டிருந்தன. நானோ துண்டின் தண்ணீரில் ஒன்றுகூட மேலே இல்லை. அடியில் தூசி மாதிரிக் கிடந்தன. மதினி குவளையை நகத்தால் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

"தூங்குதோ?"

"இல்ல மதினி. செத்துருச்சு."

"எப்படி? நேத்து நல்லா இருந்துச்சே."

"துண்டுல இருந்த வெள்ளி. அதைப் பாக்கத்தானே விட்டோம்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை மறக்க முடியாது. "இத்தன நாளும் கிடாக்குட்டி மாதிரி ஊட்டி ஊட்டி வளத்தது வெட்டுறதுக்குத்தானா? ஒரு வார்த்தை சொன்னியாட்டி?" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. சிரிக்கவேண்டிய விஷயம் என்று நினைத்து அண்ணன் சிரித்துவிட்டான். "பேனு செத்ததுக்கா அழுத?" என்றான்.

அவ்வளவுதான். மதினி மிச்சமிருந்த புட்டிகள் இருந்த அறையைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். வேளைக்கு வேளை அவள் மட்டும் உள்ளே போய்ப் பச்சைத் தண்ணீர் விட்டுவிட்டு வருவாள். அண்ணன் ஹாலில் காத்தாடிக்குக் கீழே பாயை விரித்தான். அந்த வெயிலில் காத்தாடி சுடுகாற்றைத்தான் இறைத்தது. ஏசி போட்டுக் குளிரக் குளிர நீர்த்தெள்ளுகள் இருக்க, வாங்கிய முதலாளி வெளியே வெந்துகொண்டிருந்தான். "உங்க தங்கச்சியும் நீங்களும் சேந்து பண்ணின காரியத்துக்கு அனுபவியுங்க" என்பதைத் தவிர அவள் அவனிடம் எதுவும் பேசவில்லை. என்னிடம் அதுவும் பேசவில்லை.

எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது. வகுப்பில் சாதாரணமாக, "இறப்பு விகிதம்" என்று கரும்பலகையில் எழுதுகிறவள் நான். மதினி அழுத பிறகுதான் குவளைக்கு அடியில் கிடந்ததைச் சரியாகப் பார்த்தேன்.

பாயில் புரண்டு யோசித்து அண்ணன் ஒரு வாதத்தோடு வந்தான். "நீ உன் சுத்தத் தண்ணியில அலசின. நம்ம ஊர்ல எவன் வீட்ல அந்தத் தண்ணி வருது? நம்ம போர் தண்ணியில அலசிப் பாரு. பருப்பே வேகாத தண்ணி. அதுல உன் வெள்ளி மட்டும் எப்படி வேலை செய்யும்?"

வம்புக்குத்தான் சொன்னான். ஆனால் நல்ல கேள்வி. உப்பும் கடினமும் நிறைந்த தண்ணீரில் வெள்ளித் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும், உப்பிலிருக்கிற குளோரைடும் வெள்ளியைப் பிடித்துக்கொள்ளும் என்று படித்திருக்கிறேன். எங்கள் வீட்டுத் தண்ணீரில் எவ்வளவு தூரம் நடக்கும் என்று தெரியாது.

ஆனால் நீர்த்தெள்ளுகள் மதினியின் பூட்டுக்குள் இருந்தன. அண்ணன் போய்க் கதவோரம் நின்று, தன் துண்டின் மானத்தைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்டான். மதினி ரொம்ப நேரம் கழித்துத்தான் மனம் இறங்கினாள்.

"ஒண்ணும் சாவக்கூடாது."

"சாவுதா இல்லையான்னு பாக்கத்தானே மதினி டெஸ்டே" என்றேன்.

"நான் பக்கத்துலயே இருப்பேன். ஒண்ணு தள்ளாடுச்சுன்னாலும் எடுத்து நல்ல தண்ணியில விட்டுருவேன். சம்மதம்னா சாவியத் தாரேன்."

இப்படி ஒரு விதி உலகத்தில் எந்த நச்சியல் புத்தகத்திலும் கிடையாது. ஒத்துக்கொண்டேன். முறைப்படி பிறகு ஆய்வுக்கூடத்தில் செய்துகொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். முதலில் நீர்த்தெள்ளுகளுக்கு வெறும் போர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கினோம். பிறகு போர் தண்ணீரில் அலசிய இரண்டு துண்டுகளின் தண்ணீரிலும் விட்டோம். மதினி உருப்பெருக்கியும் மருந்துக்குழலுமாகப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிரசவ அறை நர்ஸ் மாதிரி யாரையும் சத்தமாகப் பேசவிடவில்லை. சோறு ஹாலில் அண்ணனே போட்டுச் சாப்பிட்டான்.

மறுநாள் காலையில் நானோ தண்ணீரில் இருந்தவை சற்று மந்தமாக, ஆனால் துள்ளிக்கொண்டிருந்தன. மதினி ஒன்றிரண்டைத்தான் எடுத்து மாற்றியிருந்தாள். குவளைக்கு அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு படிவு. கட்டியான வெள்ளி அங்கே அடங்கியிருந்தது.

"நம்ம ஊர் தண்ணி!" என்று அண்ணன் துள்ளிய துள்ளலில் மதினி குவளைகளைக் கையால் மறைத்துக்கொண்டாள். தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சங்கரன்கோவில் தண்ணீரின் பெருமையைச் சொன்னான். நேற்றுவரை அந்தத் தண்ணீரைத் திட்டாத நாளில்லை.

அந்த மகிழ்ச்சியில் மதினியிடம் தன் நீலக்கரைத் துண்டைத் துவைக்கவும் கொடுத்துவிட்டான். அவள் எத்தனையோ நாளாகக் காத்திருந்தாள். சோப்புப் போட்டு, போர் தண்ணீரில், கல்லில் அடித்துத் துவைத்தாள். மறுநாளும் துவைத்தாள். விட்ட நாளுக்கெல்லாம் சேர்த்து அந்த வாரம் முழுக்கத் துவைத்தாள். பிறகு அண்ணன் அதைப் பழையபடி தோளில் போட்டுக்கொண்டு சுற்றிவிட்டு டீக்கடைக்குப் போனான். நானும் கூட இருந்தேன்.

"அண்ணாச்சி, இப்ப மோந்து பாருங்க. துவைச்சு வேற இருக்கு."

பெரியவர் இந்தத் தடவை பயமில்லாமல் நன்றாக இழுத்தார். இருமல் வந்துவிட்டது. பேப்பரால் விசிறிக்கொண்டார். "யாரு வீட்டு ஆட்டுக்கிடாவே?" என்றார்.

அண்ணன் தானே மோந்து பார்த்தான். பிறகு துண்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு டீயைக் குடித்தான். நூலில் சரியாக ஒட்டாத வெள்ளி, துவைக்கத் துவைக்கக் கழன்று போய்விட்டது. வீட்டு வாசலுக்கு வந்ததும் நின்று கேட்டான்:

"அப்ப அவ்வளவு வெள்ளியும் எங்க போச்சு?"

என் ஆராய்ச்சியைப் பற்றி எங்கள் ஊரில் ஒருவர் கேட்ட முதல் சரியான கேள்வி. நான் கையைக் காட்டினேன். பின்பக்கத்துச் சந்துச் சாக்கடை.

அங்கேதான் அடுத்து இறங்கவேண்டி வந்தது. கையுறை, முகமூடி, ஒரு நீளக் கரண்டி, வாளியோடு போய்க் கறுப்பு மண்ணை அள்ள ஆரம்பித்தேன். இரண்டு கரண்டி போட்டிருக்கமாட்டேன், எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"நகராட்சியிலருந்தா வந்திருக்கீக? நல்லாயிருப்பீக. எத்தன மனு குடுத்தோம்!"

"இல்லக்கா, நான்தான். மாடி வீட்டு டீச்சர். ஆராய்ச்சிக்கு எடுக்கேன்."

"எதுக்கோ எடுங்க, நல்லா அடியிலருந்து எடுங்க. அங்கனதான் அடைச்சிருக்கு."

சந்து நிறைய ஆள் கூடிவிட்டது. ஒருவர் மண்வெட்டி கொண்டுவந்து கொடுத்தார். இன்னொருவர் தன் வீட்டு முன்னால் ஆராய்ச்சி எப்போது வரும் என்று கேட்டார். எனக்கு ஒரு சின்ன டப்பா மண் போதும் என்று சொன்னபோது எல்லோர் முகமும் வாடிப்போயிற்று. "அதானே, நம்மளுக்கு யாரு செய்வா" என்று கலைந்தார்கள். வாளியை அரைவரை நிரப்பிக்கொண்டுதான் நான் அங்கிருந்து வர முடிந்தது.

அந்த மண்ணை நானோ துண்டு அலசிய சுத்தத் தண்ணீரில் கலந்து ஊறவைத்தேன். வெறும் சுத்தத் தண்ணீரில் கலந்து இன்னொன்றும் வைத்தேன். பிறகு இரண்டையும் வடிகட்டி, மீன்தொட்டிக்கு வைக்கிற பம்பால் காற்றுக் கொடுத்து, நாற்றம் அடங்கிய பிறகு நீர்த்தெள்ளுகளை விட்டேன். இதையெல்லாம் மொட்டைமாடியில், வீட்டிலிருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டத் திட்டத்தான் செய்ய முடிந்தது. மதினி மட்டும் குடை பிடித்துக் குவளைகளுக்கு நிழல் கொடுத்தாள்.

இரண்டிலுமே நீர்த்தெள்ளுகள் பிழைத்தன. முதல் தடவை எல்லாவற்றையும் கொன்ற அதே தண்ணீர், சாக்கடை மண்ணோடு சேர்ந்த பிறகு கொல்லவில்லை. சாக்கடை நாறுவதற்குக் காரணமான சல்பைடு என்ற கந்தகச் சேர்மம் வெள்ளியைப் பிடித்துக் கரையாத கறுப்புப் பொருளாக்கிவிடுகிறது. வெள்ளிச் சாமான் கறுத்துப்போகிறதே, அதே சங்கதி. போனில் சொன்னபோது பேராசிரியை ஏசி பழுதான வருத்தத்தையே மறந்துவிட்டார்.

அண்ணன் பொறுமையாகக் கேட்டான். "ஆக, சாக்கடைக்குப் பாதுகாப்பானதுன்னு லேபிள்ல போடலாம்."

"போட்டா யாரு வாங்குவா?"

"அதுவும் சரிதான்."

"முழுசா போடுண்ணே. முதல் துவைப்புல வார தண்ணி நேரே குளத்துக்குப் போனா சின்ன உயிரெல்லாம் சாகும். உப்புத் தண்ணியில கட்டியாகி அடங்கும். சாக்கடைக்குப் போனா சேறு பிடிச்சுக்கிடும். ஒரு வாரம் துவைச்சா துண்டு பழையபடி நாறும். இதுக்குக் கீழ வேணா கையெழுத்துப் போடுதேன்."

அவன் விரலால் காற்றில் அளந்து பார்த்தான். "இவ்வளவும் அச்சடிச்சா துண்டுல துடைக்க இடம் இருக்காதுட்டி" என்றான். அத்தோடு நானோ துண்டை விட்டுவிட்டான். ஆடித்தபசுக்குச் சாதாரணத் துண்டையே நெய்து விற்றான். எப்போதும் விற்கிற அளவுக்கு விற்றது.

மிச்சம் பாதிக் கேன் திரவம் இருந்தது. ஒரு காலையில் அதைத் தூக்கிக்கொண்டு அவன் சந்துப் பக்கம் போவதைப் பார்த்து ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"நீதானே சொன்ன, சாக்கடை பாத்துக்கிடும்னு?"

"துண்டுல வாரது கொஞ்சம் கொஞ்சமா வருதுண்ணே. இதை மொத்தமா கவுத்தா சேத்துல அந்தக் கந்தகச் சேர்மத்த உண்டாக்குற நல்ல கிருமியே செத்துரும். பிறகு பிடிச்சுக்கிட யாரு இருக்கா? அதுவும் போக, இந்தச் சேத்தை நாளைக்கு அள்ளி ரோட்டோரம் போடுவாங்க. காய்ஞ்சு காத்துப் பட்டு, எவனாவது பருத்திக் காட்டுக்கு உரமா அடிச்சா, வெள்ளி திரும்ப வெளிய வருமா வராதான்னு எனக்கே தெரியாது."

"உனக்கே தெரியாதா?"

"தெரியாது."

அவன் கேனைக் கீழே வைத்தான். எனக்குத் தெரியாது என்று நான் சொன்னது, தெரிந்ததாகச் சொன்ன எல்லாவற்றையும்விட அவனைப் பயமுறுத்திவிட்டது. கேனைத் தறிக்கூடத்து மூலையில் வைத்துச் சாக்கு போட்டு மூடினான்.

ஆவணியில் அந்த டை கட்டிய பிரதிநிதி மறுபடி வந்தார். புளியங்குடியில் எலுமிச்சைத் தோட்டக்காரர்களைப் பார்த்துவிட்டு வருகிற வழியாம். இந்தத் தடவை இலையில் தெளிக்கிற நானோ துத்தநாகம். அண்ணனுக்குத் தோட்டம் எதுவும் கிடையாது; தெரிந்த விவசாயிகளிடம் சொல்லச் சொல்லிக் கேட்க வந்திருந்தார். அண்ணன் அவரை உட்காரவைத்து, காப்பி வரவழைத்துக் கொடுத்து, நாற்காலியை அவருக்கு எதிரே இழுத்துப்போட்டுக்கொண்டான்.

"தம்பி, இது இலையில படும். சரி. மழை பெஞ்சா எங்க போகும்?"

"மண்ணுக்கு சார்."

"மண்ணுலருந்து?"

"சார், அது கம்பெனியில..."

"கம்பெனிய விடுவே. எந்தத் தண்ணிக்குப் போகுதுன்னு பாக்கணும்லா? உப்புத் தண்ணின்னா கட்டியாயிரும். குளோரைடு பிடிச்சுக்கிடும். சாக்கடைன்னா சல்பேட்டு பிடிச்சுக்கிடும். நல்ல தண்ணின்னா, அதுல உயிரு கெடக்கும் பாத்துக்கோ, கண்ணுக்குத் தெரியாது, ஆனா வயித்துப்பிள்ளையோட கெடக்கும்..."

தறிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி அவன் பேசிக்கொண்டே போனான். வெள்ளிக்குப் பார்த்ததையெல்லாம் துத்தநாகத்துக்கும் அப்படியே பொருத்தினான். பாதி தப்பு. கணக்கெழுதிக்கொண்டிருந்த மதினி நிறுத்திவிட்டு அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரதிநிதி இரண்டாம் காப்பி வந்தபோது டையைத் தளர்த்திக்கொண்டார். கடைசியில், "சார், நான் டார்கெட்டுக்கு ஓடுற ஆளு. என்னைய விட்டுருங்க" என்று எழுந்தார்.

"போ. போகும்போது இந்தக் கேனையும் கொண்டுபோ. உங்க கம்பெனியில குடுத்து எப்படி அழிக்கணுமோ அப்படி அழிக்கச் சொல்லு. வழியில ஓடையில எங்கயாவது ஊத்தினன்னு தெரிஞ்சுது, நடக்கதே வேற."

அவர் கேனை பைக்கின் முன்னால் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டார். அண்ணன் மூடியை ஒரு தடவை திருகிப் பார்த்துவிட்டு, "மேடு பள்ளத்துல மெதுவா போ" என்று அனுப்பிவைத்தான்.

"அண்ணே, அது சல்பேட்டு இல்ல. சல்பைடு" என்றேன்.

"ரெண்டும் ஒரே குடும்பந்தானே?"

"ஒரே குடும்பம்தான். ஆனா வேற வேற குணம்."

"சரி, அடுத்து வார ஆளுக்குத் திருத்திச் சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டு, நூல் அறுந்து நின்ற தறியைப் பார்க்க உள்ளே போனான்.